வல்லத்திலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

சென்னை விமான நிலையத்திற்கும் ஜித்தா விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர். நேரடி விமானம் ஆறு மணி நேரத்திற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், காலை பத்து மணிக்குப் புறப்படும் ஹாஜி அங்கே பிற்பகல் ஒன்றரை மணியளவில் இறங்குவார். செஞ்சியை அடுத்த வல்லத்தில் சுப்ஹு தொழுதவருக்கு இது நம்புதற்கரிய வேகமே.

செஞ்சிக் கோட்டையில் சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் எழுந்த 18ஆம் நூற்றாண்டில் பயண நாட்களைக் காற்றே தீர்மானித்தது. "மக்காவின் வாசல்" எனப் பெயர் பெற்ற சூரத் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே சென்று திரும்பின. போனவர் வீடு திரும்பப் பல மாதங்களாகும். கடனை அடைத்து, உற்றார் உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு, வஸிய்யத்தும் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டதற்கு அதுவே காரணம்.

பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. நம் பக்கத்து ஹாஜிகள் திண்டிவனத்தில் ரயிலேறி, சென்னை வழியாகப் பம்பாய் சென்று, முஸாபிர்கானாவில் காத்திருந்து, முகல் லைன் நிறுவனத்தின் "இஸ்லாமி", "முகமதி" போன்ற கப்பல்களில் ஏறினர். செங்கடலில் கமரான் தீவில் நோய்த்தடுப்புக்காக இறக்கி வைக்கப்பட்ட காலமும் உண்டு. வழியில் மௌத்தானவர்களுக்குக் கப்பலிலேயே ஜனாஸா தொழுது கடலில் அடக்கினார்கள். பிற்காலத்திலும் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் பத்து நாட்களுக்கு மேல் பிடித்ததுண்டு. 1995இல் அக்கப்பல் பயணம் நின்றுபோயிற்று.

அந்த நாட்களை வீணான நாட்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனாஸிக்கைக் கற்கவும், தல்பியாவைப் பிழையின்றி ஓதிப் பழகவும் கப்பலில் அவகாசம் இருந்தது. யலம்லம் எல்லையை நெருங்குமுன் குளித்து இஹ்ராம் கட்டவும் நேரமிருந்தது. விமானமோ நிமிடத்திற்குப் பதினான்கு கிலோமீட்டர் செல்கிறது. மீக்காத் நெருங்குகிறது என்ற அறிவிப்பின்போது கண்ணயர்ந்தவர் விழிப்பதற்குள் எல்லை கடந்துவிடும். இஹ்ராமின்றிக் கடந்து, திரும்பி வராவிட்டால் தம் கொடுக்க வேண்டும். வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் உடை அணிந்துகொண்டு, நிய்யத்தை மட்டும் மீக்காத்துக்குமுன் வைத்துக்கொள்வது பலரது வழக்கமாகிவிட்டது. முதியோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைபடத் தூரம் வேறு, பயணத் தூரம் வேறு என்பதை 2022இல் நேரிலேயே கண்டோம். அவ்வாண்டு ஹஜ் புறப்பாட்டு மையங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானமேற வேண்டியதாயிற்று. கொச்சியிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர்தான். வானத்தில் 270 கிலோமீட்டர் மிச்சம்! ஆனால் சென்னைக்குச் சுமார் 150 கிலோமீட்டர் போனால் போதும் என்றிருந்த வல்லத்துக்காரர், அந்த மிச்சத்திற்காகத் தரையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருந்தது. விமானத்தில் அமரும் நேரத்தைவிட விமானத்தை அடையும் நேரம் கூடிப்போயிற்று. எழுபது வயதில் முழங்கால் வலியோடு புறப்படுபவருக்கு அந்த ஓர் இரவு எத்தகையது என்பது அவரை வழியனுப்பிய வீட்டாருக்குத் தெரியும். 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு மையமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.