சட்டாம்பிள்ளையும் கறுப்புப் புத்தகமும்

"சொன்னதைச் செய்கிறான், ஆனால் அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை." இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பங்குகளில் பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் பலரிடம் நாம் கேட்கும் குறை இது. துறைமுகத்திலோ ஆலையிலோ இரவுப்பணி முடித்து வரும் தந்தை ஒரு வேலை சொன்னால், முணுமுணுப்பே மறுமொழி. இக்குறை புதியதன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இதே சென்னையில் இதற்கொரு விடை தேடப்பட்டது.

எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. 1789-இல் அதன் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. பிள்ளைகளோ பிடிவாதத்திலும் பொய்யிலும் ஊறியவர்கள். ஒருநாள் காலை குதிரையில் சென்றவர், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. (சொல் கேளாதவர்கள் இங்கே பெரியவர்களே!) எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சில ஆண்டுகளில் தொண்ணூறு பிள்ளைகள் அவன் பொறுப்பில் இருந்தனர்.

ஒழுங்கும் பிள்ளைகளின் கைக்கே சென்றது. தவறுகள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாகும். வாரந்தோறும் அனைவர் முன்னிலையிலும் அது விசாரிக்கப்படும். தீர்ப்புச் சொல்வோர் மாணவர்களே. தன்னையொத்தவர்கள் அளித்த தீர்ப்பை முகஞ்சுளித்துத் தள்ளுவது எளிதன்று. பெல் 1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு இதனை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பள்ளி இன்றும் உள்ளது. நாம்தான் 1996-இல் அப்பெயரை விட்டோம்.

மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதைப் பெல் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். நம் திண்ணைப் பள்ளிகளிலோ சட்டாம்பிள்ளை நெடுங்காலமாக இருந்தவன். எனினும் அவனை நாம் மிகைப்படப் புகழ்வதற்கில்லை. அவன் கைக்குப் பிரம்பு வந்ததும் வாத்தியாரைவிடக் கொடியவனானான். இன்று அச்சொல் ஏச்சாகவே வழங்குகிறது. இங்கிலாந்திலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்னும் சிக்கனம் அம்முறையை வெறும் மனப்பாட எந்திரமாக்கிற்று.

தோழன் சொல்லைக் கேட்கும் பிள்ளை, தந்தையின் சொல்லை எவ்வாறு கேட்பான்? இதற்குப் பெல்லிடம் விடையில்லை. டூரின் நகர்த் தெருச்சிறுவரோடு வாழ்ந்த புனித தொன் போஸ்கோவிடம் இருந்தது. தண்டித்துத் திருத்துவதைவிட உடனிருந்து தவறாமற் காப்பதே மேல் என 1877-இல் அவர் தம் முன்தடுப்பு முறையை எழுதினார். அறிவு, சமயம், கனிவு என்னும் மூன்றின்மேல் அதனை நிறுத்தினார். 1906-இல் தஞ்சைக்கு வந்த சலேசியர் இம்முறையையே தமிழகத்திற்குக் கொணர்ந்தனர்.

ஆயினும் அவருடைய இல்லத்திலேயே அது தளர்ந்ததுண்டு. 1884 மே மாதம் உரோமையிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒரு கனவைக் கூறுகிறது. பழைய நாள்களில் விளையாட்டுத் திடலில் குருக்களும் சிறுவரும் கலந்து ஓடினர். பின்னாளிலோ பெரியவர்கள் ஒதுங்கி நின்று தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர்; சிறுவர் தூண்களில் சாய்ந்தும், மூலைகளில் கூடி முணுமுணுத்தும் நின்றனர்.