ஒரே அச்சில் இரண்டு சாமி

ஹரால்ட் புளூடூத்தை எல்லோருக்கும் தெரியும். நம்ம போனில் பெயராக இருக்கிறாரே, அந்த டென்மார்க் மன்னர்தான். டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியது தானே என்று யெல்லிங் ஊரில் கல்லில் வெட்டிவைத்தார்.

அதே 10ஆம் நூற்றாண்டின் இன்னொரு கல், ட்ரெண்ட்கோர்டனில் கிடைத்த மாக்கல் வார்ப்பச்சு. அதில் சிலுவைக்கும் குழி உண்டு, இடித் தெய்வம் தோரின் சுத்தியலுக்கும் உண்டு. கேட்டவருக்குக் கேட்டதை வார்த்துக் கொடுத்திருப்பார் கைவினைஞர். மன்னரின் கல்லைவிட இதைத்தான் நான் நம்புவேன். ஊர் ஒரே நாளில் சாமி மாறுவதில்லை.

1973இல் ஐஸ்லாந்து அந்தப் பழைய நம்பிக்கையைச் சட்டப்படி அங்கீகரித்தது. இன்று பொழுதுபோக்காகச் சுத்தியல் பதக்கம் வார்ப்பவர்கள் பலர். கலப்பில்லாத முன்னோர் அடையாளம் என்று அதை மாட்டிக்கொள்ளும் இனவெறியர்களும் உண்டு. அவர்கள் அந்த அச்சை ஒருமுறை பார்க்கணும். சுத்தியலுக்குப் பக்கத்துக் குழியே சிலுவைதான்.