சாணமும் குடிநீரும்: வாக்கர்ட்டன் தந்த பாடம்



அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் நீர்த் தூய்மைக்கேடு குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். பண்ணைக் கழிவால் ஆறுகள் கெடுகின்றன என்றதும் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, சாணம் கிருமியைக் கொல்லும் என்று எங்கள் பாட்டி சொல்வாரே?” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டப்புற லயத்தில், சாணம் தெளித்த வாசலில் வளர்ந்தவன் நான். எங்கள் மாட்டுக் கொட்டகையின் குப்பைமேடு கிணற்றுக்கு அருகில்தான் இருந்தது. அன்று அவளுக்குச் சொன்ன வரலாற்றையே இங்கும் எழுதுகிறேன்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் எனும் சிற்றூர் உள்ளது. 2000ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்தனர். ஊருக்குக் குடிநீர் வழங்கிய கிணறுகளுள் ஐந்தாம் எண் கிணறு 1978இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது ஆழமற்ற கிணறு. அடியிலோ வெடிப்புகள் நிறைந்த பாறை. அருகிலேயே மாட்டுப் பண்ணை ஒன்றும் இருந்தது. கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தை வாங்கிப் பாதுகாப்பது பற்றி ஆராயும்படி வல்லுநர் அப்பொழுதே பரிந்துரைத்தும் அது நடைபெறவில்லை.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பண்ணையாளர் வழக்கம்போல் நிலத்தில் எருவிட்டார். மே 8 முதல் 12 வரை 134 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எருவிலிருந்த இ.கோலி ஓ157:எச்7 முதலிய கிருமிகள் மழைநீரோடு இறங்கிக் கிணற்றை அடைந்தன. நீரில் எஞ்சும் குளோரினை இடைவிடாது அளக்கும் கருவி அங்கு இல்லை. நீர் வழங்கலுக்குப் பொறுப்பானோர் குளோரினைக் குறைவாகக் கலந்து, பதிவேட்டில் பொய்யான அளவுகளை எழுதி வந்தனர். நீர் கெட்டுள்ளதெனக் காட்டிய ஆய்வு முடிவையும் மறைத்தனர். மே 21இல்தான் நீரைக் கொதிக்கவைத்துப் பருகும்படி சுகாதார அதிகாரி எச்சரித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. எழுவர் மாண்டனர்; ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர்.

நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை நடைபெற்று, 2002இல் அறிக்கை வெளிவந்தது. பண்ணையாளர் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைப்படியே நடந்தார், அவர்மீது குற்றமில்லை என்றது அவ்வறிக்கை. என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்த செய்தி இதுவே. கிணறும் எருவிட்ட நிலமும் அத்துணை நெருங்கியிருக்கையில், வழக்கமான கவனம் மட்டும் போதவில்லை.

அதே 2002இல் ஒண்டாரியோ அரசு ஊட்டச்சத்து மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகளுக்கு உட்பட்ட பண்ணைகள், ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்து 100 மீட்டருக்குள் எருவிடுதல் ஆகாது. 240 நாள் எருவைச் சேமிக்கும் வசதியும் வேண்டும். ஏன் இத்தனை நாள்? உறைந்த நிலம் எருவை உறிஞ்சாது. பயிரும் அப்பொழுது அதை ஏற்காது. பனி உருகும்போது எரு நீரோடைக்கு ஓடிவிடும். அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் பாசியைப் பெருக்கும்; பாசி மடிந்து அழுகும்போது உயிர்வளி குறைந்து மீன்கள் சாகும். பயிர் ஏற்கும் பருவம் வரும்வரை எருவைக் காத்துவைப்பதே சேமிப்பின் நோக்கம்.

நம் நாட்டில் பனியில்லை. ஆனால் அடைமழை உண்டு. நான்கு மாடு வளர்ப்போரும் எருக்குழிக்குக் கசியாத தரையும், மழை புகாக் கூரையும், மழைநீர் ஒதுங்கியோட வாய்க்காலும் அமைக்கலாம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டவே வைக்கலாம்.

“எங்கள் தோட்டத்தில் எவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லையே” என்று நானும் பலமுறை சொன்னதுண்டு. வாக்கர்ட்டனிலும் அந்தக் கிணறு 22 ஆண்டுகள் ஊருக்கு நீர் கொடுத்தபின்னரே இப்பேரிடர் நேர்ந்தது. அதன்பின் நான் அவ்வாறு சொல்வதில்லை.

மாணவிக்கு நான் சொன்ன விடை இது: “சாணம் மண்ணுக்கு நல்லது என்று பாட்டி சொன்னால், அது முற்றிலும் உண்மை. கிருமியைக் கொல்லும் என்பது மட்டும் சரியன்று. வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் பணிவாக எடுத்துச் சொல், அம்மா.”

பெற்றோர்களும் இதனைத் தம் பிள்ளைகளோடு பேசுவார்களாக.