பொருட்கவலை நீங்கிய பின்

பசியும் கடனும் மக்களைக் காக்கும் பொறுப்பும் மனிதனை விடியலில் எழுப்பி வேலைக்கு அனுப்புகின்றன. இன்னது செய்க என்று அவனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வயிறே ஆசானாய் நின்று ஏவுகின்றது. ஆயின், இத்தேவைகள் யாவும் தீர்ந்துவிட்ட ஒருவனை எழுப்புவது எது? உண்ணவும் உடுக்கவும் குறைவில்லை. தன் பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் வேண்டுவன உள. இனி எதற்காக உழைப்பது? வறியவனுக்கு இவ்வினாவைக் கேட்க நேரம் இல்லை. செல்வனோ பெரும்பாலும் இதனைக் கேட்க அஞ்சுகின்றான். உள்ள பொருளை இரட்டிப்பதிலும், இரட்டித்ததைக் காப்பதிலும் நாள்களைப் போக்கி, வினாவை ஒத்திவைத்தே வாழ்ந்து மறைந்தவர் மிகப் பலர். கேட்டு, விடை கண்டு, அவ்விடையின் வழியே நின்றவர் சிலரே. அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் கோட்டையூர் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

அவர்தம் வாழ்வை, அவர் தோன்றிய நகரத்தார் மரபினின்றும் பிரித்துக் காணுதல் பொருந்தாது. பொருள் மிகுந்தால் அதனை என்ன செய்வது என்னும் வினாவுக்கு அம்மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரு விடையைக் கண்டு, அதனைக் கணக்கேட்டிலேயே எழுதி வைத்திருந்தது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களே அச்சமூகத்தின் அமைப்புக்கு அடிப்படை. மணமான ஒவ்வோர் ஆடவனும் தன் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகப் பதியப்பெற்றுப் புள்ளி வரி செலுத்துவான். மணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். வாணிகத்தில் வந்த ஊதியத்தில் ஒரு பகுதி 'மகமை' எனப் பிரித்து வைக்கப்பெற்றது. ஐந்தொகை எழுதும்பொழுது அறத்துக்கு உரியது இன்னதென்று தனியே தெரியும். கொடுப்போமா வேண்டாமா என்று ஆண்டுதோறும் மனத்தோடு போராட வேண்டிய தேவையை அம்முறை நீக்கிவிட்டது. வாணிகர்க்கே தோன்றக்கூடிய நுட்பம் இது.

மகமைப் பணம் சென்ற இடமெல்லாம் திருப்பணியாயிற்று. பாண்டிய நாட்டிலும் சோழ நாட்டிலும் நடுநாட்டிலும் சிதைந்து கிடந்த பழந்திருக்கோயில்கள் பல, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு நகரத்தார் கைப்பொருளால் புதுக்கப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டன. காசியில் நகரச் சத்திரம் அமைத்து, விசுவநாதர் சந்நிதிக்கு நாடோறும் பூசைப் பொருள்கள் அனுப்பும் கட்டளையை நிறுவினர். கடல் கடந்து சென்றபொழுதும் வேலவனை உடன்கொண்டே சென்றனர். சிங்கப்பூரில் தண்டாயுதபாணி கோயில் எழுந்தது 1859ஆம் ஆண்டிலாகும்.

இனி, அப்பொருள் வந்த வழியையும் ஓரளவு அறிதல் வேண்டும். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பெற்றதும், ஐராவதி ஆற்று முகத்தின் நெல்லுக்கு ஐரோப்பாவில் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டிக் கழனியாக்கும் பர்மிய உழவனுக்கு முதல் வேண்டும். அம்முதலை நகரத்தார் கிட்டங்கிகள் கொடுத்தன. பெட்டியடிப் பையனாய்க் கப்பலேறிய சிறுவன், அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். அவன் கொணர்ந்த பர்மாத் தேக்குத் தூண்கள் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் நிற்கின்றன.

அந்தச் செல்வம் நிலைத்ததோ எனின், இல்லை. 1930இல் உலகெங்கும் பரவிய பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. உழவர் கடனைத் திருப்ப இயலாது நிலத்தையே விட்டனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழிவதற்குள் அது 25 பங்காயிற்று. பணமாக ஓட வேண்டியது மண்ணாக உறைந்து நின்றது. நிலமிழந்த பர்மியரின் மனக்கசப்பும் உடன் வளர்ந்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. 1942இல் சப்பானியப் படை நுழைந்தபொழுது, பல்லாயிரவர் பத்திரங்களையும் பேரேடுகளையும் விட்டுவிட்டுத் தாயகம் திரும்பினர். போர் ஓய்ந்த பின்னரும் அந்நிலங்கள் மீளவில்லை. 1948இல் விடுதலை பெற்ற பர்மா அவற்றை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. மூன்று தலைமுறை ஈட்டியது ஒரு தலைமுறைக்குள் கணக்கேட்டு எழுத்தாய் நின்றது. அதே பொருளிலிருந்து மகமையாய்ப் பிரிந்து கோபுரமாகவும் திருக்குளமாகவும் ஆனது மட்டும் தமிழ்நாட்டில் எஞ்சியது.

இத்தகைய காலத்தில் வளர்ந்தவர் அழகப்பர். 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். பெட்டியடியில் அமர்ந்து வட்டிச் சிட்டை பழகும் வழக்கமான பாதையில் அவர் செல்லவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றுத் தேர்ந்தார். தாயகம் திரும்பியபின் கொச்சி நாட்டில், திருச்சூரை அடுத்த புதுக்காட்டில் நெசவாலை நிறுவினார். அவ்வூர் பின்னாளில் அழகப்ப நகர் என்றே பெயர் பெற்றது. காப்பீடு, பங்கு வாணிகம், திரையரங்கு எனத் தொழில்கள் விரிந்தன. போர் முடிந்ததும் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனியையும் தொடங்கினார். ஆங்கில ஆட்சி 'சர்' பட்டம் அளித்தது. இவை யாவும் நாற்பது வயது நிரம்பும் முன்னரே நிகழ்ந்தவை.

வெளியில் நின்று காண்போர்க்கு இதற்குமேல் வேண்டுவது ஏதுமில்லை என்று தோன்றும். ஆனால், இளமை தொட்டே ஒரு பிணி அவர் உடலைப் பற்றியிருந்தது. செல்வத்தால் தீர்க்க முடியாததும் உண்டு என்பதை நாள்தோறும் அவருக்கு உணர்த்திக்கொண்டிருந்த பிணி அது. ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்கு அவர் தாவிய விரைவைக் காணும்பொழுது, உள்ளம் எதையோ தேடிக்கொண்டிருந்தது என்றே கருத வேண்டியுள்ளது. ஆலையும் விமானமும் அத்தேடலுக்கு ஓரளவு தீனி போட்டன. அதனை நிறைவு செய்தன என்று கூற முடியாது.

கொடைக்கு அவர் புதியவரும் அல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்வி அமைவதற்கு 5 லட்சம் ரூபாய் வழங்கினார். கிண்டியில் 1944இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி அதன் பயன். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய ஒரு லட்சம் அளித்தார். எனினும், கேட்டார்க்குக் காசோலை எழுதித் தருவது ஒன்று. தன் வாழ்நாளையே ஒரு செயலுக்கு எழுதித் தருவது மற்றொன்று.

இவ்வேறுபாட்டை விளக்கப் பச்சையப்ப முதலியார் வரலாறு ஒன்றே போதும். வறுமையில் வளர்ந்து, துபாஷித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டிய அவ்வள்ளல், சிவாலயங்களுக்கும் விண்ணகரங்களுக்கும் அறச்செயல்களுக்கும் தம் பொருளை உயில் எழுதி வைத்துவிட்டு 1794இல் மறைந்தார். பொருளுக்கு உரியவர் மறைந்தபின் அதனைக் கண்காணிப்பார் இலராயினர். வழக்கு வழக்காய்ப் பல்லாண்டுகள் சென்றன. நீதிமன்றத்தின் தலையீட்டால் அறம் ஒழுங்குபட்டு, எஞ்சிய பொருளினின்று முதற்பள்ளி சென்னையில் திறக்கப்பெற்றபொழுது ஆண்டு 1842. கொடுத்தவர் நெஞ்சம் தூயது. ஆனால் கொடைக்குப் பின்னே நின்று காக்க அவர் இல்லாமையால், இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வீணாயிற்று.

அழகப்பர் வாழ்வில் திருப்பம் 1947இல் நேர்ந்தது. அன்னிபெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டை ஒட்டிச் சென்னையில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், விடுதலை பெறவிருக்கும் நாட்டுக்குக் கல்லூரிகள் பல வேண்டும் என்றும், அரசை மட்டும் எதிர்பாராது செல்வர்கள் முன்வர வேண்டும் என்றும் பேசினார். இத்தகைய பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீடு திரும்புவதே அவையோர் வழக்கம். அழகப்பரோ அவ்விடத்திலேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி ஒன்று நிறுவுவதாக அறிவித்தார். இது நிகழ்ந்தது ஜூலை மாதத்தில். ஆகஸ்டு மாதத்தில், நாட்டின் விடுதலைக்குச் சில நாள் முன்னர், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. கட்டடம் எழும் வரையில் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. தம் ஆயுள் நீண்டதன்று என்ற எண்ணமும் உள்ளூர இருந்திருக்கலாம்.

அன்று முதல் அவர் காலைப் பொழுதுகளுக்குப் பொருள் உண்டாயிற்று. கட்டடத்துக்குச் செங்கல் வந்ததா, ஆசிரியர் கிடைத்தனரா, மாணவர்க்குத் தண்ணீர் உண்டா என்பனவே கவலைகள் ஆயின. அவை பணம் போதவில்லையே என்னும் கவலையினின்றும் வேறானவை. தாமே தேடிச் சென்று ஏற்றுக்கொண்ட கவலைகள் அவை. செட்டிநாட்டில் மாளிகைகளுக்குக் குறைவில்லை; அம்மாளிகைகளின் நடுவே உயர்கல்விக்கு இடம் இல்லாதிருந்தது. அக்குறை பிறந்தது முதல் அவர் கண்முன்னே கிடந்ததுதான். உலகைச் சுற்றி வந்த பின்னரே அது கண்ணில் பட்டது.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு தேசிய ஆய்வுக்கூடங்களை நாட்டின் பல பகுதிகளில் அமைக்க முற்பட்டது. இயற்பியலுக்குத் தில்லி, வேதியியலுக்குப் புனே, உலோகவியலுக்கு ஜாம்ஷெட்பூர் எனப் பேரூர்களே இடம்பெற்றன. மின்வேதியியலுக்கு ஒரு கூடம் அமையும் என்று அறிந்த அழகப்பர், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து அதனைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுத்தல், உலோகத்துக்கு முலாம் பூசுதல், மின்கலம் செய்தல், மின்னாற்றலால் உலோகம் பிரித்தல் ஆகியவற்றை ஆராய்வது அக்கூடத்தின் பணி. 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவாகர்லால் நேரு, செம்மண் பொட்டலாய்க் கிடந்த அந்நிலத்துக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, பெண்கள் கல்லூரி, தொழிற்கல்லூரி, சிறுவர் பள்ளி என ஒவ்வோராண்டும் ஒன்று எழுந்தது. பொறியியற் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1952. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபொழுது, தாம் குடியிருந்த இல்லத்தையே ஒழித்துக் கொடுத்தார் என்று காரைக்குடியில் கூறுவர். 'சர்' பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் அவர் துறந்துவிட்டார். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது.

இவர் கோயில் திருப்பணி மரபினின்றும் விலகிக் கல்விப்பணிக்குச் சென்றார் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு கொள்ள இடமில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியை நிறுவியதும், 20 லட்சம் ரூபாய் ஈந்து 1929இல் அதனைப் பல்கலைக்கழகமாக உயர்த்தியதும் இதே மரபின் வளர்ச்சியே. முன்னோர் மகமையைப் பிரித்து வைத்தனர். அழகப்பர் மகமைக்கும் முதலுக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்துவிட்டார். கோயில் எழுப்புவோனுக்கு ஒரு நன்மை உண்டு. குடமுழுக்கு நாளன்று கலசத்தின்மேல் நீர் வழியக் கண்டு, பணி முடிந்தது என்று அவன் கைகூப்பலாம். கல்லூரி எழுப்பினவனுக்கு அந்நாள் வருவதில்லை. ஆண்டுதோறும் ஆனி ஆடியில் புதிய பிள்ளைகள் வாயிலில் வந்து நிற்கின்றனர். பணி முடிவதில்லை என்பதே அழகப்பருக்கு வாய்த்த பேறு எனலாம். ஆலைகளும் அரங்குகளும் தர இயலாததும் அதுவே.

உடல் ஒத்துழைக்கவில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். மறுநாள் அவருக்கு 48 வயது நிரம்பியிருக்கும். அவர் தொடங்கிய கல்வி நிலையங்களின் நடுவே, 1985ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அவர் பெயராலேயே ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியது.