சிறு மருத்துவச் சேவை

தொண்டியிலிருந்து திருவாடானை போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் என் அத்தை ஆடு வளர்க்கிறார். பதினாலு வெள்ளாடு, ஒரு கிடா. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம் லீவில் போயிருந்தேன். சாயங்காலம் ஒரு சினை ஆட்டுக்குப் பனிக்குடம் உடைந்தது. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் குட்டி வரவில்லை. அத்தை வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "குறுக்கே கெடக்குடா" என்றார்.

போன் போட்டதும் கால்நடை ஆய்வாளர் பைக்கில் வந்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர், நல்ல மனுஷன். டார்ச் அடித்துப் பார்த்தார், கையைக் கழுவினார், பிறகு என்ன நினைத்தாரோ, கையைத் துடைத்துக்கொண்டார். "இது நான் தொடக் கூடாது தம்பி. டாக்டரம்மா வரணும். சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க." டாக்டர் தாலுகாவின் இன்னொரு மூலையில் வேறொரு மாட்டோடு இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. குட்டி செத்திருந்தது, விடியும்போது தாயும்.

இதில் யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அத்தை கேட்ட கேள்வி என்னோடு பெங்களூர் வரைக்கும் வந்தது. "ஊசி போடுற கைதானே அது? உள்ள விட்டா மட்டும் என்ன?"

பதில் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தில், 30ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறு யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது, உடல்நலச் சான்றில் கையெழுத்திடக் கூடாது, நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்லக் கூடாது. அதோடு முடிந்திருந்தால் சரி. கூடவே ஒரு விதிவிலக்கு. பட்டயமோ சான்றிதழோ பெற்ற உதவியாளர்களை, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், 'சிறு கால்நடை மருத்துவச் சேவை' செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். சிறு சேவை என்றால்? தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், அப்புறம் மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டுச் சேர்க்கிற மற்றவை.

அந்த 'மற்றவை'யில்தான் நம் கதை இருக்கிறது. ஒரு அப்ளிகேஷன் எழுதுகிறவன் கண்ணில் பார்த்தால், நாடு முழுக்க ஒரே கோடு, ஆனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்த செட்டிங்கைப் போட்டுக்கொள்ளலாம். படிப்பிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆய்வாளராக வருகிறவருக்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு பதினோரு மாதப் பயிற்சி. ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் அதே மாதிரி வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு வருடப் பட்டயம் படிக்கிறார்கள். அத்தனை பேரையும் சட்டத்தில் அதே ஒரு வரிதான் தாங்கி நிற்கிறது.

ஆட்டைத் தொட யாருக்கு உரிமை என்ற கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ குதிரை வியாபாரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம், அவருடைய சகோதரர்களும் அப்படியே. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. குதிரையைக் கொண்டுவருகிற அரபு, பாரசீக வணிகர்கள் குதிரை வைத்தியர்களைக் கூட்டிவருவதில்லை, வருகிறவர்களையும் வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் இன்னொன்று விற்கலாம்! பயணி சொன்ன எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வைத்தியனைக் கப்பலேற விடாமல் தடுப்பது ஒரு வியாபார உத்தி என்பதை அந்த மனுஷன் புரிந்துகொண்டிருக்கிறார்.

பிரிட்டிஷ்காரர்கள் கால்நடை மருத்துவத்தைக் கையில் எடுத்தது குதிரைக்காகவும் வெக்கை நோய்க்காகவும். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற நோய் அது. சென்னை மாகாணம் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் ஒன்றைப் போட்டது. 1903இல் சைதாப்பேட்டை டாபின் ஹாலில் இருபது மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில் வேப்பேரிக்கு இடம் மாறியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அங்கே பட்டப்படிப்பு வந்தபோது, இந்தியாவிலேயே அது முதல் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு. அதற்கு முன்னால் அங்கே படித்தவர்கள் எல்லோரும் பட்டயக்காரர்கள்தான். இன்றைய சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை எங்கே நிறுத்துவது என்று சில நேரம் யோசிப்பேன்.

இது மாநில விஷயமாக ஆன கதை 1919இல் தொடங்குகிறது. மாண்டேகு – செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தில் சில துறைகளை இந்திய அமைச்சர்களிடம் விட்டார்கள். போலீஸ், நிதி போன்றவை வெள்ளைக்காரர் கையிலேயே இருந்தன. விவசாயம், சுகாதாரம், கல்வியோடு கால்நடைத் துறையும் 'மாற்றப்பட்ட' பட்டியலில் வந்தது. சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவையின் கைக்குப் போனது. 1935 சட்டத்தில் கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் மாகாணப் பட்டியலில், விவசாயத்தோடு, பவுண்டுத் தொழுவத்தோடு சேர்ந்து ஒரே வரியில் உட்கார்ந்தன. மனித மருத்துவத் தொழில் பொதுப் பட்டியலில், வக்கீல் தொழிலுக்குப் பக்கத்தில். 1950 அரசியலமைப்பும் இதை ஏறக்குறைய அப்படியே வாங்கிக்கொண்டது. மாட்டு டாக்டர் மாநிலப் பட்டியலில் 15ஆம் இனம். மனுஷ டாக்டர் பொதுப் பட்டியலில் 26ஆம் இனம். யாரும் உட்கார்ந்து ஆழமாக யோசித்துப் பிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தர் தொழில்முறையாளர், இன்னொருத்தர் விவசாயத்தின் ஒரு கிளை. அவ்வளவுதான்.

அதன் விலை அரை நூற்றாண்டு. மனித மருத்துவர்களுக்கு மத்திய கவுன்சில் சட்டம் 1933இலேயே வந்துவிட்டது. பல் மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் 1948இல். கால்நடை மருத்துவருக்கு 1984. மகாராஷ்டிரம் போலச் சில மாநிலங்கள் நடுவில் சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டன, அது 1971இல்.

1984 சட்டம் வந்த வழியும் சுற்றுவழிதான். மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்தில் நாடாளுமன்றம் நேராகக் கை வைக்க முடியாது. 252ஆம் உறுப்பின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் 'எங்களுக்காக நீங்களே போடுங்கள்' என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஹரியானா, பீகார், ஒரிசா, இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான் – இந்த ஐந்தும் முதலில் சேர்ந்தன. யூனியன் பிரதேசங்களுக்கும் சட்டம் பொருந்தியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தீர்மானம் போட்டு உள்ளே வந்தன, தமிழ்நாடும்தான். ஒருமுறை கொடுத்துவிட்டால் அந்தச் சட்டத்தைச் சட்டசபை திருத்த முடியாது. கையில் மிஞ்சியது நான் சொன்ன அந்தச் சிறு சேவை அறிவிக்கை மாதிரியான சில்லறை அதிகாரங்கள். அத்தையின் ஆட்டுக்கு அந்தச் சில்லறைதான் பெரிய காசு.

மருத்துவருக்கு வருகிற தொல்லை ஒப்பிட்டால் குறைவு. நாமக்கல்லில் படித்த என் தோழி ஒருத்தி கல்யாணமாகிப் பெங்களூர் வந்தாள். தமிழ்நாட்டுக் கவுன்சிலிலிருந்து கர்நாடகக் கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. "பரீட்சையெல்லாம் இல்லப்பா, பேப்பர் வேலைதான்" என்றாள். அவளுடைய வகுப்புத் தோழன் அமெரிக்கா போனான். அங்கே ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனி வாரியம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய தேர்வு உண்டு, அதற்கு மேல் பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு தேர்வு வைக்கின்றன. வெளிநாட்டில் படித்தவன் இதற்கெல்லாம் முன்னால் தன் பட்டம் அவர்கள் பட்டத்துக்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டும், அதுவே வருஷக் கணக்கில் இழுக்கும். அங்கே மாநில எல்லை மருத்துவருக்கு மேலே ஒரு பூட்டுப் போடுகிறது. இங்கே அந்தப் பூட்டு மருத்துவருக்குக் கீழே, பைக்கில் வருகிறவரின் கையில் விழுகிறது.

நோய்க்கு எந்தக் கவுன்சிலிலும் பதிவு தேவையில்லை. 1987ஐ எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் பக்கம் அரசூரில் ஆடுகள் சாகின்றன. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாயில் புண், கழிச்சல். பார்த்தால் வெக்கை மாதிரியே இருக்கும். பரிசோதனையில் அது வேறு கிருமி என்று தெரிந்தது. ஆட்டுக்கொல்லி நோய், பி.பி.ஆர்., இந்தியாவில் முதல்முறையாக அடையாளம் காணப்பட்டது அங்கேதான். அதே வருஷம் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. இறைச்சிக்காக உயிரோடு கொண்டுபோன ஆடுகளோடு நிஜமான வெக்கை நோயும் கடல் தாண்டிப் போனதாகக் கருதப்படுகிறது. பல பத்தாண்டுகளாக அந்த நோயே இல்லாதிருந்த தீவு. மண்டபம் முகாமில் தோட்டத் தொழிலாளரை நாள்கணக்கில் நிறுத்திவைத்து நோய் பார்த்து அனுப்பிய அதே நீரிணை இது. மனுஷனுக்குப் போட்ட வேலி ஆட்டுக்கு இல்லாமல் போனது. இலங்கைக்கு என்று தனியாகக் கால்நடை மருத்துவச் சட்டம் 1956 முதலே இருந்தது. இருந்து என்ன?

அரசூர்க் கதைக்கு ஒரு நல்ல பின்பகுதி உண்டு. அந்த ஆடுகளிடமிருந்து எடுத்த கிருமியை வைத்து நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அதன் பெயரே 'அரசூர் 87'. வெக்கை நோயோ 1995க்குப் பிறகு இந்தியாவில் தலைகாட்டவில்லை. 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இதற்கெல்லாம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் யார்? சிறு சேவைக்காரர்கள்தான்.

தோழியிடம் அத்தையின் கேள்வியைச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் பதில் சொன்னாள். "குறுக்கே கிடக்கிற குட்டியைத் திருப்பத் தெரியாம இழுத்தா கர்ப்பப்பை கிழிஞ்சிரும். ராத்திரி பூரா ரத்தம் கொட்டிச் சாகும். நான் அஞ்சரை வருஷம் படிச்சதே எப்போ இழுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான்." பிறகு அவளே, "ஆனா அந்த இன்ஸ்பெக்டருக்கு இருபது வருஷ அனுபவம் இருந்திருக்கும், இல்ல?" என்றாள். இருந்தது. இருபத்திரண்டு.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் படுகிறது. படிப்பில்லாதவன் கை வைக்கக் கூடாது என்பது ஆட்டைக் காப்பாற்ற வந்த விதி. ஆனால் வர வேண்டிய மருத்துவர் நாலு மணி நேர தூரத்தில் இருக்கும்போது அதே விதி ஆட்டை வேடிக்கை பார்க்கிறது. பதினோரு மாதத்தை இரண்டு வருஷமாக்கி, பேற்றுச் சிக்கலையும் பாடத்தில் வைத்து, அறிவிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம். அதைச் செய்ய நாடாளுமன்றம் வேண்டாம், கோட்டையே போதும். மருத்துவர் சங்கங்கள் எதிர்க்கும், அவர்கள் பயத்திலும் அர்த்தம் உண்டு. கிராமத்துக்கு மருத்துவரைப் போடுவதற்குப் பதில் மலிவான ஆளைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள் என்பதுதான் அந்தப் பயம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஆட்டுக்கொல்லிக்கு ஊசி போட அதே ஆய்வாளர் வந்திருந்தார். அத்தை ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தார், அவர் மளமளவென்று போட்டுக்கொண்டே போனார். கடைசியாக ஒரு சினை ஆடு. அவர் வயிற்றில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றார்.

"ரெண்டு குட்டி இருக்கும்போலக்கா. தை கடைசி வாக்குல ஈனும். முன்னாடியே 1962க்கு அடிச்சு வச்சிருங்க."

"அடிச்சா வந்துருவாகளா?"

"வருவாக" என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியை மூடி பைக்கில் கட்டினார்.