எஸ்.ஆர். நாதனின் இளமைக்காலம்: துன்பம் மட்டுமா ஒருவரை உருவாக்குகிறது?

உயர்நிலை மாணவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: 'இளமையில் பட்ட துன்பமே அவரை உயர்த்தியது.' எழுதுவதற்கு எளிது. திருத்துகிற நமக்கும் கண்ணை உறுத்தாது. ஆனா வரலாற்றுப் பார்வையில் இந்த வாக்கியம் தேறுமா? நம் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ஒருவரை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ்.ஆர். நாதன்.

செல்லப்பன் ராமநாதன் 1924ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். சிறுவயதில் வளர்ந்தது ஜொகூர் மாநிலத்தின் மூவாரில். அவருக்கு முன் பிறந்த ஆண் குழந்தைகள் மூவர் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட்டனர். அப்பா ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் குமாஸ்தா. ரப்பர் தோட்டங்கள்தாம் அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர்கள். ஆக, ரப்பர் விலை நன்றாக இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற நிலை தோட்டத்தில் பால் மரம் சீவியவருக்கு மட்டுமல்ல, மேசையில் உட்கார்ந்து எழுதியவருக்கும் இருந்தது.

1929இன் இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்காவில் கார் வாங்குவோர் குறைந்தனர். டயர் செய்ய ரப்பர் வாங்குவோரும் குறைந்தனர். 1932இல் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. தோட்டங்களில் வேலை இழந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் வந்த பிறகுதான் விலை மெல்லத் தலைதூக்கியது. அதற்குள் இந்தக் குடும்பம் நிலைகுலைந்து போயிருந்தது. நாதனின் தந்தை பெருங்கடனில் சிக்கி, மகனுக்கு எட்டு வயதாக இருந்தபோது தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் நிற்கணும். மாணவர்கள் இந்த இடத்தை 'வறுமையில் பிறந்தார்' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுவார்கள். அவர் வறுமையில் பிறக்கவில்லை, வறுமைக்குள் விழுந்தார். இரண்டும் ஒன்றல்ல. ஏழையாகவே இருந்த குடும்பத்துக்குப் பக்கத்து வீடும் ஏழை வீடுதான். விழுந்த குடும்பத்துக்கோ கடனோடு ஊர்ப்பேச்சும் சேர்ந்துகொள்ளும். அதிலும் அப்பா எப்படி இறந்தார் என்று யாராவது கேட்டால், எட்டு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? மற்றப் பிள்ளைகளிலிருந்து தன்னை வேறாக உணர இதைவிடக் கனமான காரணம் வேண்டியதில்லை.

தாயும் பிள்ளைகளும் சிங்கப்பூர் திரும்பினர். நாதன் தொடக்கப்பள்ளியை முடித்து விக்டோரியா பள்ளியில் சேர்ந்தார். பள்ளி வாழ்க்கையில் இரண்டு முறை வெளியேற்றப்பட்டார். பதினாறு வயதில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டே ஓடிப்போனார்.

இப்போது கடிகாரத்தை 1940இல் நிறுத்திவிட்டுப் பாருங்களேன். அப்பா இல்லை, பள்ளிச் சான்றிதழ் இல்லை, வீடும் இல்லை. 'துன்பம் உயர்த்தியது' என்ற வாக்கியத்தை அந்த ஆண்டில் நின்று யாராவது எழுதியிருக்க முடியுமா? அதுவரை துன்பம் தந்தது இழப்புகளைத்தான். முடிவு தெரிந்தவர்கள் நாம். அதனால்தான் தொடக்கத்திலேயே வெற்றியின் விதையைத் தேடுகிறோம். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதும், ஒன்றினால் ஒன்று நடந்தது என்பதும் வேறு வேறு. தேர்வு எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், கட்டுரையின் தரமே மாறிவிடும்.

சரி, பிறகு என்னதான் நடந்தது? 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது நாதனுக்கு வயது 17. ஓர் ஆங்கில-ஜப்பானிய அகராதியை வைத்துக்கொண்டு தாமே ஜப்பானிய மொழி படித்தார். ஜப்பானிய சிவில் போலிசுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். அதே ஆண்டுகளில், அவர் வயதை ஒத்த தோட்டத் தமிழ் இளைஞர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. இருவரும் தமிழர்கள், இருவரும் துன்பத்தில் வளர்ந்தவர்கள். எங்கே பிரிகிறார்கள்? அகராதியின் பெயரிலேயே விடை இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாக நின்றுபோன பள்ளிப் படிப்பு அவருக்கு அந்த ஆங்கிலத்தைக் கொடுத்திருந்தது. (ஆக்கிரமித்தவர்களின் போலிசுக்கு மொழிபெயர்ப்பது சங்கடமான இடம் என்பதையும் வகுப்பில் மறைக்க வேண்டியதில்லை. பாடப்புத்தக நாயகர்களுக்குச் சங்கடமே வரக்கூடாது என்று நாம் நினைப்பதுதான் கட்டுரைகளைச் சப்பென்று ஆக்குகிறது.)

போருக்குப் பின் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழிக் கல்வியில் உயர்நிலைப் படிப்பை முடித்தார். 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. 1952இல் அங்கே சமூகப் பணிக்கான கல்வி ஆரம்பமானது. 1954இல் நாதன் சமூகவியல் பட்டயத்தைச் சிறப்புத் தேர்ச்சியோடு பெற்றார். அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. பத்தாண்டு முன்னதாக இதே ஆள், இதே முயற்சியோடு வந்திருந்தால் அப்படியொரு படிப்பே இங்கே கிடையாது. அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பள்ளி கைவிட்ட ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு தரும் அமைப்புகள் சரியான நேரத்தில் இருந்தன என்பதையும் சேர்த்து எழுதணும் என்கிறேன்.

1955இல் அரசாங்கச் சேவையில் மருத்துவச் சமூக ஊழியராகச் சேர்ந்தார். நோயாளியின் குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது, கடன் எவ்வளவு என்று விசாரிக்கிற வேலை அது. அடுத்த ஆண்டே மாலுமிகள் நல அதிகாரி. 1962 முதல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை எட்டு வயதில் பார்த்தவர், அந்தக் கேள்விகளை வேறு மாதிரிதான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான். மாலுமிகள் பிரிவுக்கு அவரை அனுப்பியது அரசாங்கம். மாணவர்கள் இதை எழுதும்போது 'எனக் கருத இடமுண்டு' என்று முடிக்க வேண்டும், 'அதனால்தான்' என்று அல்ல.

அதற்குப் பிந்திய பதவிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1974 ஜனவரி 31ஆம் நாள் புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிய நால்வர், 'லாஜு' என்ற படகில் ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின், அவர்கள் பாதுகாப்பாகப் போய்ச் சேருவதற்கு உத்தரவாதமாகச் சிங்கப்பூர் அதிகாரிகள் 13 பேர் அதே விமானத்தில் குவைத்துக்குச் சென்றனர். அக்குழுவின் தலைவர் நாதன்.

அவரது தனிவாழ்விலும் 'வேறுபாடு' என்பதைப் பார்க்கலாம். அவர் விரும்பியது வங்காளிப் பெண்ணான ஊர்மிளாவை. பதினாறு ஆண்டுகள் காத்திருந்து 1958இல் திருமணம் செய்துகொண்டார். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தவர், 2000ஆம் ஆண்டில் வசதி குறைந்தோருக்கு நிதி திரட்டும் 'அதிபர் சவால்' இயக்கத்தைத் தொடங்கினார். 2016 ஆகஸ்ட் 26ஆம் நாள் நடந்த அரசாங்க இறுதிச் சடங்கில் அவருக்குப் பிடித்த 'பொற்காலம்' படப் பாடல் ஒலித்தது. பல ஊர் மண்ணைக் குழைத்துப் பொம்மை செய்கிற பாட்டு. மூவாரையும் சிங்கப்பூரையும் சேர்த்துச் சுமந்தவருக்கு அது ஏன் பிடித்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதைக்கு முதன்மைச் சான்று, 2011இல் அவரே வெளியிட்ட தன்வரலாறு. அப்போது அவருக்கு 87 வயது. வெளியேற்றப்பட்டதையும் ஓடிப்போனதையும் ஒளிக்காமல் சொன்னார் என்பது பெரிய விஷயம். ஆனாலும் அது முதியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னது, எட்டு வயதுச் சிறுவன் எழுதியதல்ல. இன்னொன்று. அதே வீட்டில், அதே தந்தையை இழந்த சகோதரிகளும் இருந்தனர். விக்டோரியா பள்ளி ஆண்கள் பள்ளி. 1930களில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்கு அதே துன்பம் என்ன வழி வைத்திருந்தது? அடுத்த முறை இந்தத் தலைப்பைக் கொடுக்கும்போது, அதற்கு ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பாருங்கள்.