கோடியக்கரையில் சீமைக் கருவேலம்: அடுத்து எங்கே பரவும்? கணிப்பது எப்படி?

காவிரி டெல்டாவின் தென்கிழக்கு முனையில், நாகை மாவட்டத்தில் இருக்கிறது கோடியக்கரை. 1967-ல் வனவிலங்கு சரணாலயமாகி, 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். இங்கே வெளிமான்கள் மேயும் புல்வெளியையும் அதை ஒட்டிய உவர் நிலத்தையும் சீமைக் கருவேலம் பிடித்து வருகிறது.

விதையைச் சுமந்து போவது யார்?

இதன் காய் இனிக்கும். மாடும், அங்கே திரியும் மட்டக்குதிரைகளும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைச்சிடும். ஆக, மரம் எங்கே நிற்குதுன்னு மட்டும் பார்த்தா போதாது. காய் தின்ற கால்நடை எங்கே போகுதுன்னும் பார்க்கணும்.

எந்த இடத்துக்கு ஆபத்து?

உப்பு மண்ணை இந்த மரம் தாங்கும். நீண்ட நாள் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. எனவே அடிக்கடி கடல்நீர் ஏறும் சேற்றைவிட, அதன் ஓரத்து மேட்டு நிலத்துக்கே ஆபத்து அதிகம். பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால் பரவும் திசை தெரியும்.

வெட்டினா போதாதா?

போதாது. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதையும் பல ஆண்டுகள் காத்திருக்கும். வேரோடு எடுத்து, வருஷா வருஷம் கன்றுகளைப் பிடுங்கினால்தான் வெளிமானுக்குப் புல் மிஞ்சும்.